சேதி சொல்லத் தெரியாத வயது

(எறையூரில் பெற்றோர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



கரும்புக் கொல்லையை விட்டு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சிப்காட் தொழிற்பூங்காவில் ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வயதுப் பிள்ளையைக் காலையில் ஒரு வாசலில் விட்டுவிட்டு வருகிறோம். பிறகு போய் அழைத்து வருகிறோம். இடையில் நடந்தது என்ன? அதை யார் நமக்குச் சொல்கிறார்கள்? யாரும் சொல்லவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் சில இடங்களில் ஏன் முகம் மாறுகிறது? இதுதான் இன்றைய பேச்சு. பாடத்திட்டம், மதிப்பெண், ஆங்கில வழியா தமிழ் வழியா என்பதெல்லாம் இன்று வேண்டாம். அவற்றைப் பேச ஆயிரம் மேடை இருக்கிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே நடக்க வேண்டிய பேச்சைப் பற்றிப் பேச மேடை இல்லை.

பத்து வயதுப் பையனிடம் போய், "இன்னிக்கி என்னடா நடந்துச்சு?" என்று கேளுங்கள். கணக்கு வாத்தியார் திட்டியது, பக்கத்துப் பையன் பேனாவை எடுத்தது, சாப்பாட்டில் உப்பில்லாதது, எல்லாம் வரிசையாக வரும். அவனே தன் சேதியைச் சொல்லிக்கொள்வான். மூன்று வயதுப் பாப்பாவிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். "வெளாண்டேன்." அவ்வளவுதான். "ஏன் பாப்பா அழுத?" "நாய் வந்துச்சு." எந்த நாய்? வாசலில் வந்த நாயா? சுவரில் வரைந்திருக்கும் நாயா? டீச்சர் சொன்ன கதையில் வந்த நாயா? நாய் கடித்ததா, துரத்தியதா, சும்மா நின்றதா? அம்மா இரவு முழுக்க அந்த நாயை நினைத்துத் தூங்காமல் கிடப்பாள். பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்.

அந்த நாய் எந்த நாய் என்று தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அந்த டீச்சர். அவர் சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் அந்த ஒரு நாள், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் நடந்தும், பெற்றவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆகவே நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் பெற்றோரிடம் பேசுவது நல்ல பழக்கம். மழலை வகுப்பில் பெற்றோரிடம் பேசுவது கற்பிக்கும் வேலையின் ஒரு பகுதி. பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எப்படி வேலையோ, மூக்கைத் துடைத்துவிடுவது எப்படி வேலையோ, அப்படியே இதுவும் வேலை. சலுகை இல்லை, உபகாரம் இல்லை, வேலை!

இனி, குறைகளைக் கேட்போம்.

பால்வாடியில் பிள்ளையை விட்டிருக்கும் ஒரு தாய் சொல்கிறாள். "எடை போடுறாங்க, உசரம் பாக்குறாங்க. போன்ல என்னமோ ஏத்துறாங்க. எம்புள்ள எடை நல்லா இருக்கா, கொறைவா இருக்கான்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்குறாங்க." வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். எதற்காக? படிக்கத் தெரியாத தாய்க்கும் ஒரு பார்வையில் புரிய வேண்டும் என்பதற்காக! இன்று அந்த நிறம் டீச்சரின் கைப்பேசிக்குள் போய்விட்டது. டெல்லிக்குத் தெரிகிறது. எறையூரில் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்குத் தெரிவதில்லை.

தனியார் நர்சரியில் பிள்ளையை விட்டிருக்கும் தாய் சொல்வது வேறு கதை. அங்கே சேதிக்குப் பஞ்சமே இல்லை. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாளைக்கு மஞ்சள் நிற உடை. நாளை மறுநாள் காய்கறி வேடம், உங்கள் பிள்ளை கத்தரிக்காய். வரும் பத்தாம் தேதிக்குள் இரண்டாம் தவணை. வேன் கட்டணம் தனி. எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த குரூப்பில் அட்மின் மட்டும்தான் பேசலாம். பெற்றோர் படிக்கலாம், பார்க்கலாம், பதில் போட முடியாது. கட்டை விரலைக்கூடக் காட்ட முடியாத குரூப்பும் உண்டு என்கிறார்கள்.

நான் கேட்கிறேன், இது பேச்சுவார்த்தையா, ஒலிபெருக்கியா?

பள்ளியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். குரூப்பைத் திறந்துவிட்டால் காலை வணக்கப் பூக்களும், அரசியல் சண்டையும், "என் பையன் பென்சிலை யார் எடுத்தது" என்ற விசாரணையும் ராத்திரி பதினோரு மணிக்கு நடக்கும். அந்தப் பூட்டுக்கு நாமும் ஒரு காரணம்தான். ஆனால் குரூப்பைப் பூட்டிய பள்ளி, பெற்றோர் தனியாகப் பேச வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? பல இடங்களில் அந்தக் கதவு இல்லை. வாசலில் காவலாளி நிற்கிறார். மிஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்றால், "பேரண்ட்ஸ் மீட்டிங்ல வாங்க" என்கிறார். மீட்டிங் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அங்கே வரிசையில் நின்றால் ஒருவருக்கு மூன்று நிமிடம். அதில் இரண்டு நிமிடம் கையெழுத்து.

வேனில் வரும் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். கூரியர்காரர் பார்சலை இறக்கிவிட்டுப் போவதைப்போல வேன் அண்ணன் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். அவர்மேல் தப்பில்லை, அடுத்த தெருவில் இன்னும் ஏழு பிள்ளை இருக்கிறது. ஆனால் அந்தத் தாய் வருஷம் முழுக்க மிஸ்ஸின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பிள்ளையின் முழங்காலில் சிராய்ப்பு இருந்தால், அது வகுப்பில் விழுந்ததா, வேனில் விழுந்ததா, யாரும் சொல்ல மாட்டார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைரியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி வருகிறது. அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். நம் பெரம்பலூர் மாவட்டத்தில் இது ஊருக்கு ஊர் உள்ள நிலை. அம்மா தமிழ்தான் படிப்பார். அவர் அந்த இரண்டு வரியைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே வேலை முடிந்து அப்பா பார்த்து, என்னவென்று திருப்பிச் சொல்வதற்குள் விடிந்துவிடும். வந்த சேதி என்ன? நாளைக்கு ஒரு வெண்டைக்காய் கொடுத்துவிடுங்கள், அச்சுப் பதிக்க. இதைத் தமிழில் எழுதினால் பள்ளியின் மதிப்பு குறைந்துவிடுமா? நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வாக்ரிபோலி பேசும் பிள்ளைக்குத் தமிழே இரண்டாம் மொழி. அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தால், பேச்சு வரவில்லை என்று எழுதிவிடுவது எளிது. வீட்டில் அது வாய் ஓயாமல் பேசுகிறது என்று அம்மா சொன்னால்தானே டீச்சருக்குத் தெரியும்! அம்மாவிடம் யார் கேட்டார்கள்?

பார்த்தீர்களா? சேதி பள்ளியிலிருந்து வீட்டுக்கு வராதது ஒரு குறை. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வழியில்லாதது அதைவிடப் பெரிய குறை.

இதெல்லாம் தனித்தனி டீச்சர்கள் செய்யும் தப்பா? அப்படி நினைத்தால் நாம் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறோம். மேலே போய்ப் பாருங்கள். அரசாங்கமே பெற்றோரிடம் எப்படிப் பேசியிருக்கிறது?

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். காசு கட்ட முடியாதவர்களின் பிள்ளைகளும் சீருடை போட்டு எல்.கே.ஜி. போனார்கள். அடுத்து கொரோனா வந்தது. மழலை வகுப்புகள் நீண்ட காலம் பூட்டியே கிடந்தன. 2022 ஜூனில், பள்ளி திறக்கும் நேரத்தில், அந்த வகுப்புகளுக்குப் போட்டிருந்த ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அழைக்கப்போகிறார்கள், பிள்ளைகளை இனி அங்கன்வாடியே பார்த்துக்கொள்ளும் என்று சேதி வந்தது. எங்கே வந்தது? பெற்றோர் வீட்டுக்கு வந்ததா? இல்லை. செய்தித்தாளில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. சில நாளிலேயே, வகுப்புகள் தொடர்ந்து நடக்கும் என்று அறிவித்தார்கள். அதுவும் செய்தித்தாளில்தான் வந்தது.

முடிவு மாறியதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சில நாளில் எத்தனை வீட்டில், "பேசாம பிரைவேட்லயே சேத்துருவோம்" என்று வட்டிக்கு வாங்கியிருப்பார்கள்? தன் பிள்ளையின் வகுப்பு இருக்குமா இருக்காதா என்பதை டீக்கடையில் தெரிந்துகொள்ளும் நிலைமை எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடாது.

2025-இல் வந்தது இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. நம் மாநிலத்தில் அது பெரும்பாலும் எல்.கே.ஜி. இடம். வழக்கமாகக் கோடையிலேயே விண்ணப்பம் வாங்குவார்கள். அந்த ஆண்டு மத்திய அரசின் நிதி வரவில்லை என்று சேர்க்கை நின்றது. மாநிலம் மத்தியைச் சொன்னது, வழக்கு உயர்நீதிமன்றம் போனது, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. பள்ளி திறந்து பாதி வருஷம் ஓடிவிட்டது. அதுவரைக்கும் அந்தத் தாய் தினமும் இணையதளத்தைத் திறந்து பார்த்தாளே, அவளிடம் யார் பேசினார்கள்?

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இங்கேதான் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வர வேண்டும், பாடத்தை முடிக்க வேண்டும் என்ற வரிசையில், பெற்றோரோடு ஒழுங்காகக் கூட்டம் நடத்தி, பிள்ளை வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கவனியுங்கள், அது ஆசிரியரின் கடமை! 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல சட்டம். கை தட்டலாம்.

ஆனால் அந்தச் சட்டம் யாருக்கு? ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. மூன்றிலிருந்து ஆறு வரை? அதற்கு 11-ஆம் பிரிவு. அரசு தேவையான ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்ய வேண்டும் என்று இல்லை, செய்யலாம்! தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கோ அந்த மேலாண்மைக் குழுவே கட்டாயமில்லை.

ஆக, நிலைமை என்ன? தன் சேதியைத் தானே சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் பேசு என்று ஆசிரியருக்குச் சட்டம் சொல்கிறது. சொல்லத் தெரியாத பிள்ளையைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. எங்கே பேச்சு அதிகம் வேண்டுமோ அங்கே கட்டாயம் இல்லை.

அங்கன்வாடித் திட்டத்தில், மாதத்தில் ஒரு நாளைப் பெற்றோருக்காக ஒதுக்கி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் ஏற்பாடு எழுத்தில் இருக்கிறது. இங்கே இருக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன், அப்படி ஒரு நாளுக்கு எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். சரி, இறக்கிக்கொள்ளுங்கள். நான் எண்ணப்போவதில்லை.

இப்போது அங்கன்வாடிப் பணியாளர்கள் பக்கம் திரும்புகிறேன். அம்மா, நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்கள் பக்கத்தைச் சொல்லாமல் போனால் நான் நியாயம் தவறியவன் ஆவேன்.

1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன்கீழ் இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பல இடத்தில் அந்த உதவியாளரும் இல்லை. அந்த ஒற்றை மனுஷி என்னென்ன செய்கிறாள்? பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, சாப்பாடு. வாரம் மூன்று முட்டை. கர்ப்பிணிக்குச் சத்துமாவு. வீடு வீடாகக் கணக்கு. எடை, உயரம். தடுப்பூசி நாளுக்கு ஆள் திரட்டுவது. வாக்காளர் பட்டியல் வேலை. 2021 முதல் இந்த விவரங்களை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலி வேறு. இப்போது பயனாளியின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கவும் வேண்டும். நெட்வொர்க் வராத இடத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் மரத்தடிக்கும் நடக்கும் பணியாளரை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவரிடம் போய், "எம்புள்ள இன்னிக்கி என்ன பண்ணுச்சு டீச்சர்?" என்று கேட்டால், முகம் மாறத்தான் செய்யும். அது உங்கள் மேல் கோபம் இல்லை. அன்றைய பதிவு இன்னும் ஏறவில்லை என்ற பதற்றம்.

தனியார் நர்சரியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இதே கதைதான், வேறு உருவத்தில். சொற்பச் சம்பளம். பெற்றோரிடம் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று நிர்வாகம் போட்ட கட்டளை. பிள்ளை வகுப்பில் கடி வாங்கியதைச் சொன்னால் பள்ளியின் பெயர் கெடும் என்று அவர் வாய் கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே என் கணிப்பு இது. நம் மழலைக் கல்வியில் சேதிக்குக் குறைவே இல்லை. எல்லாச் சேதியும் மேலே போகிறது. வட்டாரத்துக்கு, மாவட்டத்துக்கு, சென்னைக்கு, டெல்லிக்கு, தாளாளருக்கு. பக்கவாட்டில், வாசலில் நிற்கும் தாய்க்கு, எதுவும் போவதில்லை. மேலே பேசுவதற்குச் சம்பளம் உண்டு, கெடு உண்டு, விளக்கக் குறிப்பாணை உண்டு. தாயிடம் பேசுவதற்கு ஒரு நிமிடம்கூட வேலை நேரமாகக் கணக்கில் இல்லை. இதை மாற்றாமல், "டீச்சர் சிரிச்சுப் பேச மாட்டேங்குறாங்க" என்று குறை சொல்வதில் பயனில்லை.

பேசாமல் விட்டால் என்ன நட்டம் தெரியுமா? ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் அங்கன்வாடிகளில், "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், கதை, பாட்டு, உருட்டுவது, அடுக்குவது, வகை பிரிப்பது. மூன்று வயது விரல்கள் பென்சில் பிடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் தாய் என்ன சொல்கிறாள்? "அங்க என்னத்தச் சொல்லிக் குடுக்குறாங்க? சும்மா பாட்டுப் பாடி, சாப்பாடு போட்டுத் தூங்க வைக்கிறாங்க." பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சரியில் நான்கு பக்கம் ஏ எழுதிக் கொண்டு வருகிறது. நோட்டில் தெரிகிறது. பாட்டு நோட்டில் தெரியாது. பயறையும் மொச்சையையும் பிரித்து வைத்தது நோட்டில் தெரியாது. அந்த மொச்சைதான் நாளைக்குக் கணக்கு என்று யாராவது அந்தத் தாயிடம் சொன்னார்களா? சொல்லவில்லை. அவள் கம்மலை அடகு வைத்து நர்சரியில் சேர்க்கிறாள். நல்ல பாடத்திட்டம் ஒன்று, விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததால் ஆள் இல்லாமல் போகிறது.

ஒன்றாம் வகுப்பிலும் இதே வேடிக்கைதான். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். அழகான பெயர்கள். ஒரு தாத்தா ரொம்பப் பெருமையாகச் சொன்னார், "எம் பேரன் அரும்பாம் சார்!" அரும்பு என்றால் இன்னும் எழுத்தே தொடங்க வேண்டிய நிலை என்று அவரிடம் யாரும் விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை. அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

வெளியுலகத்தில் எப்படி நடந்திருக்கிறது? ஒரே ஓர் ஊரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எறையூர் மாதிரியே இருக்கிறது.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு. அப்பாவும் அம்மாவும் விடியலில் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு, சுவரைக் கிறுக்கிக் கொண்டிருந்தார்கள். கட்டடச் சொந்தக்காரர்களுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் ஒன்றும் இல்லை, சுவர் மேல்தான் பாசம். சுவரைக் காப்பாற்ற, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-இல் அந்தக் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. மாண்டிசோரி முறை என்று இன்று நம் ஊர்ப் பலகைகளில் எழுதி வைத்துப் பணம் வாங்குகிறார்களே, அது பிறந்த இடம் அந்தக் கூலித் தொழிலாளர் குடியிருப்பு.

அங்கே சுவரில் விதிகளை எழுதி மாட்டியிருந்தார்கள். பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று என்ன தெரியுமா? வாரம் ஒருமுறையாவது தாய் வந்து ஆசிரியையோடு பேசலாம், வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று தாய் சொல்ல வேண்டும், ஆசிரியை தன் யோசனையைச் சொல்ல வேண்டும் என்பது. ஆசிரியையும் அதே கட்டடத்தில் குடியிருந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால், ஷிப்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு, வாரம் ஒரு பேச்சு! முதலில் யார் பேச வேண்டும்? தாய்! அந்த மாண்டிசோரி 1939-இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையின் மரச்சாமான்கள் எல்லாம் நம் நாட்டில் பரவிவிட்டன. சுவரில் மாட்டிய அந்த விதி மட்டும் கூட வரவில்லை. சாமானுக்கு விலை உண்டு, பேச்சுக்கு விலை இல்லை என்பதால் இருக்குமோ?

அதே இத்தாலியில், 1945-இல் போர் முடிந்ததும் ரெஜியோ எமிலியா பக்கத்துக் கிராமத்தார், ஜெர்மானியர் விட்டுப்போன ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகளை விற்ற காசில் தாங்களே மழலைப் பள்ளி கட்டினார்கள். கட்டியவர்களே பெற்றோர் என்னும்போது, அங்கே காவலாளி யாரைத் தடுப்பார்? ஜப்பானில் மழலையர் காப்பகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன நோட்டு தினமும் போய்வரும். எப்போது தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், உடம்புச் சூடு எவ்வளவு என்று அம்மாவும் எழுதுவார், ஆசிரியையும் எழுதுவார். இரண்டு பக்கமும் எழுதும் நோட்டு. நம் டைரியும் நோட்டுத்தான். அதில் பெற்றோருக்கு உள்ள இடம் கையெழுத்துப் போடும் கோடு மட்டும்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. நாமும் கொஞ்சம் பேசிக்கொள்வோம்.

டீச்சரைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "ஏபிசிடி எழுதுறானா?" இரண்டாவது? "பக்கத்து வீட்டுப் பாப்பா நூறு வரைக்கும் சொல்லுது, இவன் சொல்ல மாட்டேங்குறானே?" பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்கும். நாம் கேட்பதைத்தான் பள்ளி கொடுக்கும். நான்கு பக்கம் எழுதச் சொல்லும். யாரோடு விளையாடுகிறான், சோற்றைத் தானே சாப்பிடுகிறானா, எதற்குச் சிரிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு டீச்சரின் முகம் மலரும். அவருக்கு அதுதான் தெரியும், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வீட்டுச் சேதியை மறைக்கவும் மறைக்கிறோம். தம்பி பிறந்திருக்கிறான், அப்பா வெளிநாடு போய்விட்டார், அம்மாயி இறந்துவிட்டார். பிள்ளை வகுப்பில் திடீரென்று அடம் பிடிக்கிறது, அடுத்ததைக் கடிக்கிறது. டீச்சர் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார். ஒரு வரி சொல்லியிருந்தால் மடியில் தூக்கி வைத்திருப்பார்.

சரி, என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. எறையூரில் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

சிப்காட்டில் 2022-இல் தொழிற்பூங்கா தொடங்கியது முதல், செருப்புத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் பெருகிவிட்டார்கள். வேலை வரிசையில் நிற்பவர் நினைத்த நேரத்தில் போன் எடுக்க முடியாது, மதியம் மூன்று மணி மீட்டிங்குக்கு வர முடியாது. வந்தால் அரைநாள் கூலி போகும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே யோசித்தது. மாதம் ஒரு மணி நேரம், பிள்ளையின் டீச்சரைப் பார்க்க, கூலி வெட்டாமல் விடுங்கள் என்று இன்றைய நிர்வாகங்களிடம் ஊராட்சி கேட்கலாம். கேட்பதில் வெட்கம் என்ன? நிலம் கொடுத்த ஊர் இது.

மீட்டிங்கை ஷிப்டு முடியும் நேரத்துக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றலாம். மாற்றினால் அந்த நேரத்துக்குப் பணியாளருக்கு வேறொரு நாளில் விடுப்பு கொடுக்க வேண்டும். அதைப் பெற்றோர்தான் அவருக்காகக் கேட்க வேண்டும். அவர் கேட்டால் சோம்பேறி என்பார்கள், நாம் கேட்டால் கோரிக்கை என்பார்கள்.

அழைத்துப் போக வரும் அப்பாயியையும் பெற்றோர் என்று வையுங்கள். "அம்மாவ வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். படிக்காதவருக்குக் குரல் பதிவு அனுப்பலாம். அரை நிமிடம் போதும். தமிழில் பேசினால் துபாயில் இருக்கும் அப்பாவுக்கும் அது நேரே போய்ச் சேரும், அவரும் பதில் பேசுவார்.

மாதத்தில் ஒரு நாள் அங்கன்வாடி வகுப்பின் மூலையில் தாய்மார் அரை மணி உட்கார்ந்து பார்க்கட்டும். பேச வேண்டாம், குறுக்கிட வேண்டாம். மொச்சை பிரிப்பதைப் பார்க்கட்டும். ஆயிரம் விளம்பரப் பலகை செய்யாததை அந்த அரை மணி செய்யும்.

தனியார் பள்ளி நடத்துபவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கடி வாங்கினால், விழுந்தால், அழுதால், பிள்ளை வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது விபத்து. தாயே கண்டுபிடித்தால் அது மோசடி. பெயர் எப்போது கெடுகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வருகிறது, கிராம சபையும் வருகிறது. இரண்டிலும் குடிநீர், கழிவறை, சுற்றுச்சுவர் என்று தீர்மானம் எழுதுவோம், எழுதத்தான் வேண்டும். கூடவே ஒரு தீர்மானத்தைச் சேருங்கள். அங்கன்வாடிப் பணியாளர், மழலை வகுப்பு ஆசிரியர் இவர்களின் வேலை நேரத்தில் வாரம் ஒரு மணியைப் பெற்றோரோடு பேசுவதற்கென்று ஒதுக்க வேண்டும், அந்த ஒரு மணியில் எந்தச் செயலிப் பதிவும், எந்தக் கணக்கெடுப்பும் அவர்கள் தலையில் விழக்கூடாது. இந்த வாசகத்தை எழுதியே கொண்டு வந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. வேண்டியவர்கள் படி எடுத்துக்கொள்ளலாம்.

என் பேச்சு முடிந்தது. கேள்வி நேரத்தில் வழக்கமாகப் பெற்றோர்தான் முதலில் எழுவார்கள். இன்று ஒலிவாங்கியை முதலில் அங்கன்வாடிப் பணியாளர்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெற்றோரைப் பற்றி அவர்களுக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டு, பிறகு உங்களிடம் வருகிறோம். வாங்கம்மா, நீங்க முதல்ல.